ஷாடி: மட்டமா, மறைத்த மட்டமா?

அச்சுப்பிழை | ஜூன் 3, காலை 10.40

ஒரு ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் 'ஷாடி' (shoddy) மூன்று இடத்தில் வருகிறது: ஷாடி வொர்க்மன்ஷிப், ஷாடி ட்ரீட்மெண்ட், ஷாடி பிளாங்கெட். அகராதி மூன்றுக்கும் 'மட்டமான, தரக்குறைவான' என்று ஒரே மருந்தை எழுதித் தருகிறது. என் கட்சி இதுதான்: இன்ஃபீரியர், சீப், ஷேபி, ஷாடி எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். 'தரக்குறைவான' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஊடும்பாவும் | ஜூன் 3, காலை 11.15

மறுப்பு இருக்கிறது. மூன்றாவதை அப்படிப் போட்டால் பிழையே ஆகிவிடும். ஷாடி பிளாங்கெட் என்பது பெரும்பாலும் வசவு இல்லை, துணியின் இனப்பெயர். பழைய கம்பளித் துணியைக் கிழித்து இழையாக்கி, அந்த இழையை மறுபடி நூற்று நெய்த போர்வை அது. டெண்டர் தாளில் 'ஷாடி பிளாங்கெட் 500' என்று இருப்பதை 'மட்டமான போர்வை 500' என்று எழுதினால், வாங்குகிறவரே மட்டமான சரக்கு கேட்டார் என்று ஆகிவிடும்.

முதலில் பெயர்ச்சொல்லாக இருந்தது, பிறகுதான் வசவு ஆனது. 1830-களிலேயே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 'ஷாடி' என்றால் இந்த மறுநூற்புக் கம்பளி. 'போலியான, மட்டமான' என்ற பொருள் 1860-களில் ஏறியது. 'ஷெட்', அதாவது உதிர்தல், என்ற வினையிலிருந்து வந்த சொல்.

ஊடும்பாவும் | ஜூன் 3, மதியம் 12.05

மற்ற இரண்டுக்கு வருமுன், நீங்கள் ஒரே குட்டையில் போட்ட சொற்களைப் பார்ப்போம். ஷேபியையும் ஷாடியையும் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: குறை பிறவியிலேயே வந்ததா, உழைத்துத் தேய்ந்து வந்ததா?

பத்து வருஷம் போட்டு முழங்கை தேய்ந்த கோட்டு ஷேபி. நேற்று வாங்கி இன்று தையல் விட்ட கோட்டு ஷாடி. முதல் கோட்டு ஒரு காலத்தில் நல்ல கோட்டு. இரண்டாவது ஒரு நாளும் நல்ல கோட்டாக இருந்ததில்லை, இருப்பதுபோல் தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்ஃபீரியருக்கு எப்போதும் பக்கத்தில் ஒரு உசத்தி வேண்டும். எதைவிடத் தாழ்ந்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஷாடிக்கு ஒப்பீடு தேவையில்லை. ஃப்ளிம்ஸி என்றால் சன்னம், சப்பை. டீக்கடைப் பேப்பர் கப் ஃப்ளிம்ஸிதான், ஆனால் அது யாரையும் ஏமாற்றவில்லை, ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குத்தான் செய்தது. ஸ்லாப்பி என்றால் அலட்சியம் பட்டவர்த்தனமாகத் தெரியும்: கோணல் தையல், வழிந்த பெயிண்ட். ஷாடியில் அது பெரும்பாலும் தெரியாது. மேல்பூச்சு நன்றாக இருக்கும், உள்ளே கைவைத்திருப்பார்கள். சீப் விலையைப் பற்றியது. விலை கூடக் கொடுத்தும் ஷாடி வாங்கலாம்.

பஞ்சுமூட்டை | ஜூன் 3, மதியம் 2.30

அண்ணே, இலக்கணமா கேட்டா? 'ஹி இஸ் எ ஷாடி மேன்' வருமா?

ஊடும்பாவும் | ஜூன் 3, மதியம் 2.50

இன்றைக்கு ஆளை நேரடியாக அப்படிச் சொல்வது அரிது. ஆள் செய்ததைத்தான் சொல்வார்கள்: வேலை, சரக்கு, கட்டடம், ஆய்வு, பத்திரிகைச் செய்தி, நடத்தை. ஷாடியர், ஷாடியஸ்ட் என்று ஒப்பீட்டு வடிவம் உண்டு. வினையடை ஷாடிலி. 'ஷாடிலி பில்ட்' மிகச் சகஜம்.

'ஷாடி க்ளோத்ஸ்' என்று எழுதும்போது மட்டும் கவனம். கிழிந்த, நைந்த உடை என்று சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் ஷேபிக்குப் பதிலாக இதைப் போட்டுவிடுகிறார்கள்.

ஊடும்பாவும் | ஜூன் 4, காலை 7.20

நேற்று 'ஷெட்' என்ற வினையிலிருந்து வந்தது என்று அடித்துச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். நூற்கும்போது உதிரும் கழிவு என்பதால் அந்த ஊகம் பொருந்திப்போகிறது, ஆனால் ஊகம்தான். சொல்லின் மூலம் உறுதியாகவில்லை. யார்க்‌ஷயர் ஆலைப் பேச்சிலிருந்து வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

உறுதியாகச் சொல்லக்கூடியது: அங்குள்ள பேட்லியைச் சேர்ந்த பெஞ்சமின் லா 1813-இல் இந்த மறுநூற்பு முறையைத் தொடங்கியவர் என்று அந்த ஊர் வரலாறு சொல்கிறது. நெப்போலியன் போர்க்காலம், படைக்குக் கம்பளி தேவை, புதுக் கம்பளிக்குத் தட்டுப்பாடு. பேட்லி, டியூஸ்பரி, ஆசெட் வட்டாரம் முழுக்க இதே தொழிலில் இறங்கியது. ஐரோப்பாவின் கந்தல் மூட்டைகள் டியூஸ்பரிக்கு வந்து ஏலம் போயின.

அங்கே இரண்டு தரம் உண்டு. பின்னல் துணி, காலுறை, ஃபிளானல், போர்வை மாதிரி மெத்தென்ற கந்தலிலிருந்து வந்தது ஷாடி. தையல்காரர் வெட்டிப்போட்ட துண்டு, இறுக நெய்து மில்லிங் செய்த (நனைத்து அடித்து இறுக்கிய) கோட்டுத் துணி, இவற்றிலிருந்து வந்தது மங்கோ. மங்கோ 1830-களில் வந்தது. இறுகிய துணியைப் பிய்க்கும்போது இழை அதிகம் அறுபடும். ஆகவே மங்கோ இழை ஷாடியைவிடக் குட்டை.

விசித்திரம் என்னவென்றால், இரண்டில் மேலான சரக்கின் பெயர்தான் வசவாயிற்று. மங்கோ பிழைத்துக்கொண்டது.

பஞ்சுமூட்டை | ஜூன் 4, காலை 9.10

ஸ்பின்னிங்காரன் கண்ணோட சொல்றேன், வார்த்தையோட குணம் முழுக்க இழை நீளத்துலதான் இருக்கு. புது நயக் கம்பளி இழை சுமார் 6 முதல் 10 செ.மீ. வரும். அதைக் கந்தலாக்கிப் பிச்சா ஒரு அங்குலம், அதுக்கும் கீழே. நூல் பலமா நிக்கிறது எதனால? ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைமேல உரசிப் பிடிச்சுக்கறதால. நீளம் குறைஞ்சா பிடி குறையும். முறுக்கை ஏத்தினா பலம் வரும், ஆனா துணி விறைக்கும், போர்வை குத்தும். முறுக்கை விட்டா பில்லிங் வரும், அதாவது துணிமேல சின்னச் சின்ன உருண்டை திரளும், இழை உதிரும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற வேலைதான் ஷாடி நூற்பு. அதனாலதான் சுத்தமா 100 சதவீதம் கந்தல் இழையில யாரும் நல்ல நூல் எடுக்கறதில்ல. கொஞ்சம் புதுக் கம்பளியோ, நீளமான செயற்கை இழையோ தாங்குதலுக்குச் சேர்ப்பாங்க.

அச்சுப்பிழை | ஜூன் 4, காலை 9.45

கந்தல் நூலாவது எப்படி என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? கட்டுரையில் 'டெவில்' என்று ஒரு இயந்திரம் வருகிறது, நான் 'பிசாசு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பஞ்சுமூட்டை | ஜூன் 4, காலை 11.30

பிசாசு வேணாம். 'டெவில்'னே விடுங்க, ஒரு வரி விளக்கம் போடுங்க.

முதல்ல பிரிப்பு. கம்பளி தனி, பருத்தி தனி, கலப்பு தனி. அப்புறம் நிறம். இது சும்மா அழகுக்கு இல்ல. நிறவாரியாப் பிரிச்சா மறுபடி சாயம் போட வேண்டாம், சிவப்புக் கந்தல்ல இருந்து சிவப்பு நூலே வரும். சாயச் செலவு, தண்ணிச் செலவு ரெண்டும் மிச்சம்.

பட்டன், ஜிப், லைனிங், தையல் மடிப்பு எல்லாத்தையும் அறுத்து எடுக்கணும். தையல் நூல் பருத்தியாவோ பாலியஸ்டராவோ இருக்கும். அது உள்ளே போனா சாயம் பிடிக்காத வெள்ளைத் துணுக்கா மேல வந்து நிக்கும். ஒரு ஜிப் பல்லு தப்பிப் போனாலும் கார்டிங் (இழையைச் சீவி நேராக்கற வேலை) கம்பி வளைஞ்சிடும்.

அடுத்து எண்ணெய் தெளிச்சு ஊற வைக்கறது. எண்ணெய் இல்லாம டெவில்ல விட்டா இழை பொடிப்பொடியா அறுந்து தூசியாப் போகும். அதிகமானா கார்டிங்ல அடைக்கும்.

டெவில்ங்கறது ஆயிரக்கணக்கான கூர்ப்பல் பதிச்ச பெரிய உருளை. ஊட்டு உருளை ரெண்டு கந்தலை இறுகப் பிடிச்சு மெதுவா உள்ள தள்ளும், பல்லுருளை வேகமாச் சுத்திப் பிய்க்கும். அவசரப்பட்டு நிறையத் தள்ளினா துணி இழையாகாது, சின்னத் துண்டாவே வெளிய விழும். அதைப் பொறுக்கி மறுபடி விடணும். அதுக்கப்புறம் கலப்பு, கார்டிங், நூற்பு எல்லாம் வழக்கமான கம்பளி வேலைதான்.

ஊடும்பாவும் | ஜூன் 4, மதியம் 12.10

அந்த டெவில் கக்கிய தூசிக்கு 'டெவில்ஸ் டஸ்ட்' என்று பெயர். 1840-களில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதத்திலேயே அந்தப் பெயர் அடிபட்டது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குத் தலைவலி, காய்ச்சல், நெஞ்சடைப்பு. அதற்கு 'ஷாடி ஃபீவர்' என்றே பெயர். வசவுக்குப் பின்னால் இந்த மூச்சும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் இதைக் கொண்டுவர முடியாது, எழுதுகிறவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கலப்புக் கந்தலைப் பற்றி மேலே வரவில்லை. கம்பளியும் பருத்தியும் சேர்ந்து நெய்த துணியைக் கையால் பிரிக்க முடியாது. அதற்குக் கார்பனைசிங். சுமார் 5 அல்லது 6 சதவீதக் கந்தக அமிலக் கரைசலில் நனைத்து, பிழிந்து, உலர்த்தி, பிறகு 100 டிகிரிக்குச் சற்று மேலே சுட வேண்டும். பருத்தி கருகி நொறுங்கும், கம்பளி தாக்குப்பிடிக்கும். உதறி, இடித்து, சோடா கரைசலில் அமிலத்தை முறித்துக் கழுவ வேண்டும். ஈரம் போகாமல் சுட்டால் கம்பளியும் கெடும். அமிலத்தை முழுக்க முறிக்காவிட்டால் மாதக்கணக்கில் உள்ளிருந்தே அரிக்கும். பாலியஸ்டர் இதற்கெல்லாம் அசைந்துகொடுக்காது. இன்றைய கந்தலில் பாதித் தலைவலி அதுதான்.

அச்சுப்பிழை | ஜூன் 4, இரவு 9.00

சரி, நல்ல தொழில்நுட்பமாகத்தானே இருக்கிறது. வசவானது எங்கே?

ஊடும்பாவும் | ஜூன் 4, இரவு 9.40

அமெரிக்க உள்நாட்டுப் போரில். 1861 ஏப்ரலில் போர் மூண்டதும் லிங்கன் 75,000 தொண்டர்களைக் கேட்டார். அதற்குப் பிறகு படை பல லட்சமாயிற்று. அத்தனை பேருக்கும் உடனே சீருடை வேண்டும், அவ்வளவு கம்பளி கையிருப்பில் இல்லை. ஒப்பந்தக்காரர்கள் ஷாடியை இறக்கினார்கள். அதுவும் சொன்ன ஷாடியாக இல்லை. தரையில் கூட்டி அள்ளிய குப்பையும் வெட்டுத் துண்டுமாகச் சேர்த்து அமுக்கி, மேலே தேய்த்து மெருகேற்றி, நல்ல கம்பளி என்ற பெயரில், நல்ல கம்பளி விலைக்கு. மழையில் நனைந்தும் நடையில் தேய்ந்தும் சில வாரங்களிலேயே பிய்ந்துபோன சீருடைகள் பத்திரிகைக்கு வந்தன. போரில் திடீர்ப் பணக்காரரானவர்களை 'ஷாடி' என்றே திட்டினார்கள். 'ஷாடியாக்ரஸி' என்ற சொல்லும் அப்போது பிறந்தது. ஆகவே அன்றைக்கு ஆளுக்கும் ஒட்டிய சொல்தான். நேற்று 'அரிது' என்றது இன்றைய வழக்குக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, திட்டு வாங்க வேண்டியவர் மறைத்து விற்றவர், வாங்கிக் கட்டிக்கொண்டது துணி. மறைத்தல் என்ற அம்சம் சொல்லுக்குள் இன்னும் உயிரோடு இருப்பது இதனால்தான்.

பிறகு சட்டமும் அதையே பிடித்தது. அமெரிக்காவின் 1939 கம்பளிப் பொருள் சட்டம் ஷாடியைத் தடை செய்யவில்லை, லேபிளில் சொல்லச் சொன்னது: புதுக் கம்பளியா, 'ரீப்ராசஸ்டு' கம்பளியா, 'ரீயூஸ்டு' கம்பளியா. 1980-இல் பின்னிரண்டையும் சேர்த்து 'ரீசைக்கிள்டு' ஆக்கினார்கள். அதே சரக்குதான். ஒரு பெயரில் அசிங்கம், இன்னொரு பெயரில் பெருமை.

பஞ்சுமூட்டை | ஜூன் 5, காலை 8.15

கடையில போர்வையக் கையில வெச்சுக்கிட்டு 'இது ஷாடியா'ன்னு பார்க்க:

ஓரத்துல ஒரு நூலை உருவி எடுத்து முறுக்குக்கு எதிர்ப்பக்கமாத் திருப்புங்க. இழை பிரியும். வெள்ளைத் தாள்மேல வெச்சு ஊசியால ஒவ்வொண்ணா இழுங்க. ரெண்டு அங்குல இழை தாராளமா வந்தா புதுக் கம்பளி. பெரும்பாலும் அரை அங்குலம், முக்கால் அங்குலம், நடுவுல தூள்னா மறுநூற்பு.

அப்புறம் லென்ஸ் வெச்சு நிறத்தைப் பாருங்க. தூரத்துல ஒரே சாம்பல் நிறமாத் தெரியற நூல்ல கிட்டப் போனா கறுப்பு, வெள்ளை, நடுவுல ஒரு ஒத்தைச் சிவப்பு, ஒரு கிளிப்பச்சை இழை எட்டிப் பார்க்கும். அது எந்த ஊர்லயோ யாரோ போட்ட ஸ்வெட்டரோட மிச்சம். புதுசாச் சாயம் போட்ட கம்பளியில அந்த வழிதவறின சிவப்பு இருக்காது.

எரிச்சுப் பார்த்தா கம்பளி முடி கருகற வாசனையோட பொசுங்கும், சாம்பல் விரல்ல நொறுங்கும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியா நிக்கும். ஆனா புதுசா பழசான்னு இது சொல்லாது. அதுக்கு இழை நீளம்தான்.

எவ்வளவு கம்பளின்னு தெரியணும்னா 5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசல்ல 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. கம்பளி கரைஞ்சிடும், மீதி நிக்கும். முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டா கணக்கு கிடைக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதைத் தின்னுடும். எவர்சில்வர் இல்லைன்னா கண்ணாடி. கைக்குக் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஊடும்பாவும் | ஜூன் 5, காலை 10.00

அந்த ஒற்றைச் சிவப்பு இழை பானிபட் போர்வைகளில் நன்றாகத் தெரியும். ஹரியானாவின் பானிபட்டில் இது பெரிய தொழில். வெளிநாட்டுப் பழைய கம்பளி உடைகள் பெரும்பங்கு கண்ட்லா துறைமுகம் வழியாக வந்தன. உடையாக மறுபடி விற்க முடியாதபடி முன்கூட்டியே வெட்டிச் சிதைத்துத்தான் இறக்குமதி செய்ய வேண்டும் என்பது விதி. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து, நம் அரிவாள்மனை மாதிரி நிமிர்ந்து நிற்கும் கத்தியில் துணியை இழுத்துப் பட்டனையும் ஜிப்பையும் அறுப்பார்கள். பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரணமாகப் போன போர்வைகளில் நிறைய அங்கே நெய்தவை. விலை மலிவு, சூடு உண்டு. அந்த வேலைக்கு அது சரியான சரக்கு. பின்னால் பாலியஸ்டர் போர்வை வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது.

அங்கே 'ஷாடி மில்' என்று பலகையே மாட்டியிருப்பார்கள். வசவாக நினைத்திருந்தால் மாட்டியிருப்பார்களா?

சுங்கத்தாளை மொழிபெயர்க்கிறவர்களுக்கு, சரக்கு வகை எண்கள்: 6309 பழைய உடை, 6310 கந்தல், 5104 பிய்த்து இழையாக்கிய கம்பளி. இந்த மூன்றையும் 'பழைய துணி' என்று ஒரே சொல்லில் அடக்கினால் வரிக்கணக்கே மாறிப்போகும்.

பஞ்சுமூட்டை | ஜூன் 5, காலை 10.35

நம்ம பக்கத்துல இதோட அண்ணன் தம்பி உண்டு. திருப்பூர் பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிள்ல மிஞ்சின பருத்தித் துண்டை நிறவாரியாப் பிரிச்சு, பிய்ச்சு, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லுல நூலாக்கறாங்க. குட்டை இழைக்கு ரிங் பிரேம்ங்கற வழக்கமான நூற்பு மெஷினைவிட ஓப்பன் எண்ட் தோது. தடி நூல்தான் வரும். தரைவிரிப்பு, போர்வை, மாப்புக்குப் போகும். அதை யாரும் ஷாடின்னு சொல்றதில்ல, 'வேஸ்ட் நூல்', 'கலர் ஓ.இ.'தான்.

அச்சுப்பிழை | ஜூன் 5, மாலை 4.20

துணியிலிருந்து வந்த வசவு வேறு ஏதாவது உண்டா?

ஊடும்பாவும் | ஜூன் 5, மாலை 5.05

டாட்ரி. இங்கிலாந்தின் ஈலி நகரத்துப் புனித ஆட்ரியின் பெயரில் அக்டோபர் 17 திருநாள் சந்தையில் விற்ற கழுத்துப் பட்டு நாடா 'செயிண்ட் ஆட்ரிஸ் லேஸ்'. 'செயிண்ட்' சொல்லின் கடைசி 'ட்' மட்டும் பெயரோடு ஒட்டி 'டாட்ரி' ஆனது. பிறகு பகட்டான மட்டச் சரக்குக்குப் பெயர். தமிழில் 'ஜிகினா' கிட்டத்தட்ட அதைத் தொடும். ஷேபி துணியிலிருந்து வரவில்லை, சொறி, பொருக்கு என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. லௌஸி பேனிலிருந்து.

இன்னொரு கிளை: ஷாடிக் கழிவு நல்ல உரம். கம்பளியில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம், மண்ணில் மெதுவாக மட்கும். அதே வட்டாரத்து வேக்ஃபீல்ட் பக்கம் ருபார்ப் (புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் செடி) வயல்களில் அதைத்தான் கொட்டினார்கள். அந்த ருபார்ப்புக்கு 2010-இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பே கிடைத்தது.

அச்சுப்பிழை | ஜூன் 6, காலை 9.30

சரி, ருபார்ப்பை விடுங்கள், தமிழுக்கு வருவோம். ஷாடி வொர்க்மன்ஷிப்புக்கு 'ஒப்பேற்றிய வேலை' போட்டால்?

ஊடும்பாவும் | ஜூன் 6, காலை 9.50

அருமை. அதையே மூன்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஊடும்பாவும் | ஜூன் 6, காலை 11.40

இல்லை, அவசரப்பட்டுவிட்டேன். 'ஒப்பேற்றுதல்' இரண்டு பக்கமும் வெட்டும். அரிசி தீர்ந்த வீட்டில் இருக்கிற ரவையை வைத்து நாலு பேருக்குச் சாப்பாடு ஒப்பேற்றினாள் என்றால் அது பாராட்டு. சிமெண்டைக் குறைத்து மணலை ஏற்றிச் சுவர் ஒப்பேற்றினான் என்றால் திட்டு. சூழல் தெளிவாக இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 'கடமைக்குச் செய்த வேலை', 'ஏனோதானோ வேலை' பத்திரம்.

பொருளுக்கு 'மட்டரக'. 'ஒப்பேற்றிய செருப்பு' என்றால் யாருக்கும் புரியாது. கட்டடத்துக்குச் செய்தித்தாள்கள் 'தரமற்ற கட்டுமானம்' என்றே எழுதுகின்றன, அது போதும். ஆய்வுக்கு 'அரைகுறை'. 'டூப்ளிகேட்' வேண்டாம், அது போலி. அசல் கம்பெனியே ஷாடியாகச் செய்யலாம்.

ஷாடி ட்ரீட்மெண்ட் தான் சிக்கல். 'மட்டமாக நடத்தினார்கள்' என்றால் இழிவுபடுத்தினார்கள் என்று தொனிக்கிறது. ஆங்கிலத்தில் அது தர வேண்டிய மரியாதையையோ கவனிப்பையோ தராமல் தட்டிக்கழித்தது. முப்பது வருஷம் உழைத்தவரை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவது மாதிரி. 'முறையற்று நடத்தினார்கள்' நெருங்கி வருகிறது.

பஞ்சுமூட்டை | ஜூன் 6, மதியம் 1.15

புகார்க் கடிதம் எழுதறவங்க இந்த வார்த்தையையே நம்பாதீங்க. 'பூச்சு வேலை ஷாடி'ன்னு எழுதினா அது உங்க அபிப்பிராயம், காண்ட்ராக்டர் 'இல்லை'ன்னு ஒரு வரியில முடிச்சிடுவார். 'உள்பூச்சு 12 மி.மீ. பேசினது, ஜன்னல் ஓரத்துல 6 மி.மீ. இருக்கு, 7 நாள் தண்ணி விடறதாச் சொன்னது, 2 நாள்தான் விட்டது, தட்டினா பொள்ளல் சத்தம் வருது'ன்னு எழுதுங்க. அளவு இருந்தா பெயரடை தேவைப்படாது.

அச்சுப்பிழை | ஜூன் 6, இரவு 8.50

முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இப்படி அனுப்பப் போகிறேன்: 'கடமைக்குச் செய்த வேலை', 'முறையற்று நடத்தியது', 'மறுநூற்புக் கம்பளிப் போர்வை'. மூன்றாவது சொல், கட்டுரையின் ராணுவ முகாம் பத்தியில் வருகிறது, 1862.

ஊடும்பாவும் | ஜூன் 6, இரவு 9.15

1862 ராணுவ முகாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அந்த வருஷம், அந்த இடம் என்றால் இனப்பெயரும் வசவும் ஒன்றாக ஒலிக்கும். 'மறுநூற்பு' மட்டும் போட்டால் சிப்பாயின் கோபம் காணாமல் போகும். 'கந்தல் கம்பளிப் போர்வை' என்று போடுங்கள்.